குடியிருப்புத் தெருவில் டாட்டூ கடை வைக்கலாமா? மதுரையில் நிலப் பயன்பாடு, லைசென்ஸ் பற்றி

ஊசிமுனை:

வணக்கம். கே.கே.நகர் பக்கம் 30 அடி ரோட்டில் ஒரு வீட்டின் தரைத்தள முன்பகுதி டாட்டூ கடைக்கு வாடகைக்கு வருது. அளவு 22க்கு 14 அடி. மாடியில ஹவுஸ் ஓனர் குடும்பம் இருக்கு. பிளான் அப்ரூவல் வீட்டுக்குன்னு வாங்கினது, கரண்டும் வீட்டு சர்வீஸ்தான். தெருமுனையில ஒரு பள்ளிக்கூடம் இருக்கு. ஸ்கூல் பக்கத்துல பச்சை குத்துற கடை வைக்கக் கூடாது, சட்டமே இருக்குன்னு அக்கம்பக்கத்துல சொல்றாங்க. நெட்டில் தேடினா ஆயிரம் அடி தள்ளி இருக்கணும்னு வருது.

இன்னொரு இடம் பைபாஸ் ரோட்டில், காம்ப்ளக்ஸ் முதல் மாடி, 240 சதுர அடி. வாடகை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

வீட்டுப் பகுதியில வைக்கலாமா? எந்த ஆபீஸ்ல என்ன கேட்கணும்? கடைக்கு உள்ளே என்னென்ன இருந்தா ஆய்வுக்கு வர்றவங்க குறை சொல்ல மாட்டாங்க? அட்வான்ஸ் கொடுக்க ஒரு வாரம்தான் டைம் இருக்கு.

—

அளவுச்சங்கிலி:

முதல்ல அந்தத் தூரக் கணக்கை முடிச்சிருவோம். ஆயிரம் அடிங்கிறது அமெரிக்காவுல தென் கரோலினா மாநிலச் சட்டம். தேவாலயம், பள்ளி, விளையாட்டு மைதானம் இதுலேருந்து அவ்வளவு தள்ளித்தான் அங்கே டாட்டூ கடை இருக்கணும். கலிஃபோர்னியாவுல ஹெர்மோசா பீச் நகரம் ஊருக்குள்ளேயே கூடாதுன்னு மண்டல விதி வைச்சிருந்துச்சு. பச்சை குத்துறதும் கருத்து வெளிப்பாடுதான்னு சொல்லி 2010ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையைத் தள்ளிருச்சு. அதெல்லாம் அந்த ஊர் வழக்கு, அந்த ஊர் சட்டம். நம்ம ஊர்ல பள்ளிக்கூடத்திலேருந்து தூரம் அளக்கிறது டாஸ்மாக் கடைக்கும், 100 கெஜக் கணக்குல பீடி சிகரெட் விற்பனைக்கும்தான். பக்கத்து வீட்டார் அதைத்தான் மனசுல வைச்சுப் பேசுறாங்க.

உங்களுக்கு உண்மையிலேயே இடிக்கப் போறது வேற. மூணு விஷயத்தைத் தனித்தனியா பார்க்கணும்: அந்த இடம் எந்த மண்டலம், அந்தக் கட்டடத்துக்கு எதுக்காக அனுமதி வாங்கியிருக்கு, உங்க தொழிலுக்கு லைசென்ஸ் உண்டா. ஒண்ணு இருந்தா இன்னொண்ணு தானா வராது. நிறையப் பேர் தொழில் வரி ரசீதைக் காட்டி அனுமதி இருக்குன்னு சொல்றாங்க. அது நீங்க வரி கட்டினதுக்கு மட்டும்தான் சாட்சி.

மண்டலம் பார்க்க, ஓனர்கிட்ட பட்டா நகல் வாங்குங்க. மாநகராட்சிப் பழைய எல்லைக்குள்ளன்னா வார்டு, பிளாக், நகர அளவை எண் மூணும் வேணும். நகர நில அளவைப் பதிவேட்டு நகலும் புலப்படமும் அரசு இ-சேவை தளத்துலயே எடுத்துக்கலாம். அதோட மதுரை உள்ளூர்த் திட்டக் குழும அலுவலகத்துல நிலப் பயன்பாட்டுச் சான்று கேட்டு எழுதிக் கொடுங்க. முழுமைத் திட்டத்துல, அதாவது ஊர் முழுசுக்குமான மாஸ்டர் பிளான்ல, என்ன இருக்குன்னு மட்டும் கேட்டுட்டு வந்துராதீங்க. அந்தத் தெருவுக்கு விரிவு வளர்ச்சித் திட்டம் (ஒரு பகுதிக்கு மட்டும் விவரமாப் போடுறது) இருக்கா, அதுல என்ன போட்டிருக்குன்னும் கேளுங்க. இரண்டும் ஒண்ணா இருக்கணும்னு இல்லை, விவரமான திட்டம் வேற மாதிரி சொல்லியிருக்கலாம்.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019தான் இப்ப அடிப்படை. குடியிருப்பை முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்புன்னு இரண்டாப் பிரிச்சுப் பார்ப்பாங்க. முதன்மைன்னா தெருவுக்கு அன்றாடம் தேவைப்படுற சின்னக் கடைகள், சேவைகளுக்கு மட்டும், பரப்பளவு வரம்போட இடம் உண்டு. கலப்புன்னா கடைகளுக்கு நல்லாவே இடம் இருக்கு. எந்தப் பட்டியல்லயும் டாட்டூங்கிற சொல் கிடையாது. அதனால அதிகாரி உங்க தொழிலைப் பக்கத்துல இருக்கிற ஏதாவது ஒரு வகையில சேர்த்துத்தான் முடிவு சொல்லணும். முடி திருத்தகம், அழகு நிலையம் மாதிரி சேவைக் கடைன்னு பார்த்தா ஒரு பதில். ஊசி, ரத்தம்னு மருத்துவப் பக்கம் தள்ளினா வேற பதில். 22க்கு 14ன்னா 308 சதுர அடி, 28.6 சதுர மீட்டர். அளவு சின்னதுதான். ஆனா எழுத்துல பதில் வாங்காம அதை நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

இரண்டாவது கட்டட அனுமதி. எனக்கு ரொம்பச் சந்தேகம் வர்ற இடம் இதுதான். "தரைத்தள முன்பகுதி"ன்னு வாடகைக்கு விடுறதுல நிறைய, பிளான்ல கார் நிறுத்துமிடம்னு வரைஞ்சது, இல்லைன்னா முன்பக்கம் காலியா விட வேண்டிய இடம். டேப்பைக் கையில எடுத்துட்டுப் போங்க. ரோட்டுப் பக்கக் காம்பவுண்டு சுவரின் உள்முகத்திலேருந்து கடைச் சுவர் வரைக்கும் எத்தனை அடின்னு அளங்க. இரண்டு பக்கவாட்டுலயும் அளங்க. அப்ரூவ்டு பிளான்ல அதே இடத்துல எழுதியிருக்கிற அளவோட ஒப்பிடுங்க. பிளான்ல முன்னாடி 5 அடி காலி இடம்னு போட்டிருந்து, நேர்ல கடைச் சுவர் காம்பவுண்டை ஒட்டி நின்னா, அந்த அறையே விதிமீறல். அதுக்கு மேல நீங்க என்ன லைசென்ஸ் வாங்கினாலும் நிக்காது. ஷட்டர் போட்ட அறையோட தரை, வீட்டுத் தரையை விட அரை அடி தாழ்வா, வாசல் பக்கம் சரிவா இருந்தா அது கார் போர்டிகோவா இருந்ததுன்னு புரிஞ்சுக்கலாம்.

ஓனர் பிளான் தரலைன்னா தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல 10 ரூபாய் கட்டணத்தோட மாநகராட்சிக்கு எழுதலாம். ஆனா பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு, உங்க ஒரு வாரத்துக்குள்ள வராது. கட்டடம் புதுசுன்னா இன்னொண்ணும் கேளுங்க. 2,500 சதுர அடி மனை, 3,500 சதுர அடி கட்டடம் வரைக்கும் இப்ப சுயசான்று முறையில உடனடி அனுமதி கொடுக்கிறாங்க. அது குடியிருப்புக்கு மட்டும்தான். அப்படி அனுமதி வாங்கின வீட்டுல கடை வைச்சா, வாங்கின அனுமதிக்கே முரண். எல்லீஸ் நகர் மாதிரி வீட்டுவசதி வாரிய மனைன்னா கிரையப் பத்திரத்தையும் வரி வரியா படிங்க. என்ன உபயோகத்துக்குன்னு நிபந்தனை அதுலயே இருக்கலாம்.

வீட்டைக் கடையா மாத்துறதும் நகர் ஊரமைப்புச் சட்டம் 1971 கணக்குல ஒரு "வளர்ச்சி"தான். சுவரை இடிக்கலை, பெயின்ட் மட்டும்தான் அடிச்சோம்னு சொன்னாலும் உபயோகம் மாறினா அனுமதி வாங்கணும். பிரிவு 49ல் விண்ணப்பம் போகணும், போட வேண்டியவர் ஓனர். அவர் கையெழுத்துப் போட மாட்டேன்னு சொன்னா அந்த இடத்தை அப்பவே விட்டுருங்க.

பைபாஸ் காம்ப்ளக்ஸுக்கும் இதே வேலைதான், ஆனா சுலபம். வணிகக் கட்டடம்னு அனுமதி இருக்கா, நீங்க எடுக்கிற மாடி அந்த அனுமதியில இருக்கா, இரண்டே கேள்வி. மாசி வீதி, டவுன் ஹால் ரோடு பக்கம் தேடுறவங்களுக்கும் சேர்த்துச் சொல்றேன்: மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள்ள கட்டட உயரம் 9 மீட்டரைத் தாண்டக் கூடாது. அதைத் தாண்டிக் கட்டின மாடியில வாடகைக்குப் போனா, சீல் வைக்கிற அன்னைக்கு உங்க நாற்காலி, மெஷின் எல்லாம் உள்ளேயே மாட்டிக்கும்.

—

மீட்டர்பெட்டி:

கரண்ட் பத்தி மட்டும் சொல்றேன். வீட்டு சர்வீஸ்ல கடை நடத்தினா மின்சாரச் சட்டம் 2003 பிரிவு 126 வரும். கட்டணம் இரண்டு மடங்கு போட்டு மதிப்பீடு பண்ணுவாங்க. எப்ப ஆரம்பிச்சதுன்னு நிரூபிக்க முடியலைன்னா ஆய்வுக்கு முந்தின 12 மாசத்துக்கும் சேர்த்து வரும். மீட்டர் ஓனர் பேர்ல இருக்கிறதால நோட்டீஸ் அவருக்குப் போகும், சண்டை உங்களுக்கு வரும்.

இருக்கிற சர்வீஸையே கமர்ஷியலா மாத்தச் சொல்லாதீங்க. வீட்டுக்குக் கிடைக்கிற இலவச 100 யூனிட் போயிரும், ஓனர் ஒத்துக்க மாட்டார். தனி வாசல், தனிச் சுவர் இருக்கிற பகுதிக்குத் தனி கமர்ஷியல் சர்வீஸ் கேளுங்க. லோடு எழுதும்போது குறைச்சு எழுதாதீங்க. ஒன்றரை டன் ஏசியும் ஆட்டோகிளேவும் (நீராவியில கருவிக் கிருமியைக் கொல்லுற பெட்டி) சேர்ந்தாலே மூணரை கிலோவாட் கிட்ட வந்துரும். இரண்டும் ஒரே நேரத்துல ஓடுறப்பதான் ட்ரிப் ஆகும். ஸ்டெரிலைஸ் பண்ற சுழற்சி பாதியில நின்னா அந்தப் பாக்கெட் எல்லாத்தையும் மறுபடி முதல்லேருந்து போடணும்.

—

கருமைக்கோடு:

ஊசிமுனை தம்பி, உள்ளே எப்படி இருக்கணும்ங்கிறதுக்கு நான் சொல்றேன். நம்ம ஊர்ல டாட்டூ கடைக்குன்னு தனி அளவுகோல் எழுதி வைக்கலை. அதனால வர்ற சானிட்டரி இன்ஸ்பெக்டர் கண்ணால பார்க்கிறதை வைச்சுத்தான் எழுதுவார். கை கழுவுற இடம், தரை, குப்பை. இந்த மூணும் சுத்தமா இருந்தா பாதிக் கேள்வி வராது.

22 அடி நீளத்தை இப்படிப் பிரிங்க. முன்னாடி 8 அடி வரவேற்பு, நடுவுல 10 அடி வேலை செய்யுற இடம், பின்னாடி 4 அடி கழுவுற இடம். பின்பகுதியில இரண்டு தொட்டி வேணும். ஒண்ணு கைக்கு மட்டும், இன்னொண்ணு கருவிக்கு மட்டும். கைத் தொட்டிக் குழாய் முழங்கையால தள்ளித் திறக்கிற மாதிரி இருக்கணும். திருகுற குழாய் வைச்சா, ரத்தம் பட்ட கையுறையால திறந்து, கழுவின கையால மூடுவோம். அழுக்கு அப்படியே திரும்பி வந்துரும். தரைக்கு விட்ரிஃபைடு டைல்ஸ், சந்துகள்ல எபாக்ஸி. கார்ப்பெட்டும் துணி சோஃபாவும் வேலை செய்யுற இடத்துல வேண்டவே வேண்டாம். தடுப்புக்குத் துணித் திரையும் போடாதீங்க, துடைக்க முடிஞ்ச பலகை போடுங்க.

மேற்பரப்பு துடைக்க 1 சதவீத ஹைப்போகுளோரைட். கடையில 4 சதவீதக் கரைசல் வாங்கினா ஒரு பங்குக்கு மூணு பங்கு தண்ணி. பிளீச்சிங் பவுடர்னா, 33 சதவீதக் குளோரின் உள்ளது, லிட்டருக்கு 30 கிராம். தெளிச்சதும் துடைச்சா வேலைக்கு ஆகாது, 10 நிமிஷம் ஈரமாவே நிக்கணும். தினம் காலையில புதுசாக் கலக்குங்க. மதுரை வெயிலுக்கும் வெளிச்சத்துக்கும் ஒரே நாள்ல வீரியம் இறங்கிரும். ஸ்டீல் மேல விட்டு வைக்காதீங்க, புள்ளி புள்ளியா அரிச்சிரும். அந்தப் புள்ளிக்குள்ளதான் அப்புறம் ரத்தம் ஒளியும்.

ஊசிக்கு, பின்பக்கம் சவ்வு உள்ள கார்ட்ரிட்ஜ் (மெஷின்ல மாட்டுற ஊசிக் கூடு) மட்டும் வாங்குங்க. சவ்வு இல்லாததுல மையும் ரத்தமும் பின்வாங்கி மெஷினுக்குள்ளேயே போயிரும். அடுத்த ஆளுக்கு ஊசியை மாத்தினாலும் பிரயோஜனம் இல்லை. கிளிப் கார்டு (மெஷினுக்குக் கரண்ட் போற வயர்), மெஷின், தெளிப்பு பாட்டில், விளக்குக் கைப்பிடி எல்லாத்துக்கும் பேரியர் ஃபிலிம்னு சொல்ற மெல்லிய பிளாஸ்டிக் உறை, ஆளுக்கு ஆள் புதுசு. பெரிய பாட்டில்லேருந்து மையைச் சின்னக் கப்புல ஊத்தி, மிஞ்சினதைக் கப்போட தூக்கிப் போடணும். திரும்ப பாட்டில்ல ஊத்துறது கொலைக்குச் சமம்.

ஸ்டீல் கிரிப் (மெஷினைப் பிடிக்கிற பிடி) வைச்சிருந்தா, இல்லை காது மூக்கு குத்தவும் செஞ்சா, ஆட்டோகிளேவ் கட்டாயம். உறை போட்ட கருவிக்கு 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம், 30 நிமிஷம். உள்ளே போர் தண்ணி ஊத்தாதீங்க. நம்ம பக்கத்து உப்புத் தண்ணிக்கு ஹீட்டர் காயில்ல வெள்ளையா படிவு ஏறி, மீட்டர் காட்டுறது ஒண்ணு, உள்ளே சூடு வேறன்னு ஆயிரும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும். உறை மேல இருக்கிற டேப் நிறம் மாறினா கிருமி செத்துருச்சுன்னு அர்த்தம் இல்லை, சூடு பட்டுச்சுன்னுதான் அர்த்தம். வாரத்துக்கு ஒரு தடவை, கிருமி நிஜமாவே சாகுதான்னு பார்க்கிற ஸ்போர் ஸ்ட்ரிப் சோதனை போட்டு, முடிவை நோட்டுல தேதியோட எழுதுங்க. ஆய்வுக்கு வர்றவங்க முன்னாடி அந்த நோட்டை விரிச்சு வைச்சாப் போதும்.

இப்ப குப்பை. குடியிருப்புத் தெருவுல டாட்டூ கடைக்குப் பிரச்சினை வர்றது இதனாலதான். மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் 2016ல் டாட்டூ கடைன்னு பேர் சொல்லி எழுதலை. ஆனா காலையில தெருவுக்கு வர்ற தூய்மைப் பணியாளர் கையுறைகூட இல்லாம பையைப் பிரிப்பார். உங்க ஊசி அவர் விரல்ல ஏறினா அதுக்கு எந்த விதியும் துணைக்கு வராது. அதனால மருத்துவமனை எப்படிப் பிரிக்குதோ அப்படியே பிரிங்க. ரத்தம் பட்ட டிஷ்யூ, பஞ்சு மஞ்சள் பை. கையுறை சிவப்புப் பை. கார்ட்ரிட்ஜ் பிளாஸ்டிக்கா இருந்தாலும் முனையில ஊசி இருக்கு, அது துளைக்க முடியாத வெள்ளை டப்பாவுக்கு. முக்கால் நிறைஞ்சதும் மூடிருங்க, அமுக்கித் திணிக்காதீங்க. திணிக்கும்போதுதான் கையில குத்தும். மஞ்சள் பையை 48 மணி நேரத்துக்கு மேல வைச்சிருக்கக் கூடாது.

எடுத்துட்டுப் போக, பொது மருத்துவக் கழிவு நிலையத்து வண்டியோட எழுத்துல ஒப்பந்தம் போடுங்க. மாவட்ட மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்துல கேட்டா எந்த வண்டி உங்க பகுதிக்கு வருதுன்னு தெரியும். தெரிஞ்ச டாக்டர் கிளினிக் டப்பாவுல போட்டுக்கிறேன்னு வாய்வார்த்தையா வைக்காதீங்க. நாளைக்கு அந்த டப்பாவுல கணக்கு இடிச்சா இரண்டு பேருக்கும் சிக்கல்.

பக்கத்து வீட்டாருக்குச் சத்தம் ஒரு விஷயமே இல்லை, ரோட்டரி மெஷின் சுவரைத் தாண்டாது. ராத்திரி 10 மணிக்கு மேல வாசல்ல நாலு பைக் ஸ்டார்ட் ஆகுறதுதான் புகாரா மாறும். குடியிருப்புப் பகுதிக்குச் சத்த வரம்பு பகல்ல 55 டெசிபல், இரவு 10லேருந்து காலை 6 வரைக்கும் 45. கடைசி அப்பாயின்ட்மென்ட் 8 மணிக்குள்ள முடியுற மாதிரி வைங்க.

—

ஊசிமுனை:

எல்லாருக்கும் நன்றி. நேத்து டேப் வைச்சு அளந்தேன். முன்னாடி காம்பவுண்டுலேருந்து 3 அடிதான் இருக்கு. பிளான் நகல் கேட்டிருக்கேன், ஓனர் தேடித் தர்றேங்கிறார். அவரே ஒரு யோசனையும் சொல்றார்: பியூட்டி பார்லர்னு போட்டு டிரேட் லைசென்ஸ் வாங்கிக்கலாம், யாரும் கேட்க மாட்டாங்கன்னு. பின்னாடி லேசர்ல டாட்டூ எடுக்கிற மெஷினும் போடலாம்னு ஒரு எண்ணம் இருக்கு. சரியா வருமா?

—

கீழ்க்கோர்ட்டு:

வேண்டாம். லைசென்ஸ் கொடுக்கிறது அந்த இடத்துக்கும் அந்தத் தொழிலுக்கும் சேர்த்து. தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி விதிகள் 2023 வந்த பிறகு மதுரைக்கும் மற்ற மாநகராட்சிகளுக்கும் அதே விதிதான், 1971ம் வருஷத்து மதுரை மாநகராட்சிச் சட்டத்தைப் பிடிச்சுக்கிட்டு யாராவது யோசனை சொன்னா கேட்காதீங்க. பார்லர்னு வாங்கிட்டு உள்ளே ஊசி போட்டா, லைசென்ஸ் இல்லாம நடத்தினதுக்கும் தவறான விவரம் கொடுத்ததுக்கும் சேர்த்துப் பதில் சொல்லணும். விண்ணப்பத்துல "அழகு நிலையம் – பச்சை குத்துதல், காது மூக்கு குத்துதல்"னு முழுசா எழுதுங்க. மறுத்தா மறுப்பை எழுத்துல வாங்குங்க, அதை வைச்சு மேல்முறையீடு போகலாம். வாயால மறுத்ததுக்கு எங்கேயும் போக முடியாது.

2024 டிசம்பர்ல திருச்சியில என்ன நடந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். டாட்டூ கடைக்குள்ள நாக்கைப் பிளந்து விட்டாங்க. நடத்தினவர் கைதானார், மாநகராட்சி கடைக்கு சீல் வைச்சுது. அதுக்கப்புறம் இந்தத் தொழில் மேல அதிகாரிகள் கண் இருக்கு. மரத்துப் போக ஊசி போடுறது, தோலை அறுக்கிறது, தையல் எதுவும் உங்க வேலை இல்லை. லேசர்ல டாட்டூ எடுக்கிறதும் மருத்துவச் சிகிச்சைதான். அதை உள்ளே கொண்டு வந்தா, தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997ல் பதிவு, டாக்டர் எல்லாம் வேணும். நிலப் பயன்பாட்டுலயும் நீங்க கடை இல்லை, கிளினிக் ஆயிருவீங்க. அளவுச்சங்கிலி சொன்ன கேள்வி மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கும்.

முன்பக்கம் 3 அடிங்கிறது நல்ல சேதி இல்லை. பிளான்ல அதிகமா இருந்தா, நகர் ஊரமைப்புச் சட்டம் பிரிவு 56, 57ல் நோட்டீஸ் வந்து பூட்டி சீல் வைக்கிற வரைக்கும் போகலாம். நோட்டீஸ் வந்தா ஓனர் அதே சட்டத்துப் பிரிவு 80-ஏ-ல அரசுக்கு மேல்முறையீடு பண்ணலாம், இல்லைன்னா உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. எதுவா இருந்தாலும் வாடகைக்காரருக்கு அந்த மாசங்கள் வருமானம் இல்லாமத்தான் போகும்.

எந்த இடம் எடுத்தாலும் ஒப்பந்தத்துல நாலு வரி சேர்க்கச் சொல்லுங்க. இடம் டாட்டூ கடைக்குன்னு உபயோகத்தைப் பேர் சொல்லி எழுதணும். உபயோக மாற்ற அனுமதி, தனி கரண்ட் சர்வீஸ் இரண்டும் ஓனர் செலவா, உங்க செலவான்னு எழுதணும். அனுமதி மறுக்கப்பட்டா அட்வான்ஸ் முழுசா எத்தனை நாள்ல திரும்ப வரும்னு எழுதணும். கட்டட விதிமீறலால சீல் வைச்சா அந்தக் காலத்துக்கு வாடகை இல்லைன்னு எழுதணும். உபயோகம் எழுதாம விட்டா, வேற காரியத்துக்குப் பயன்படுத்தினார்னு சொல்லியே உங்களைக் காலி பண்ணச் சொல்ல முடியும். 2017ம் வருஷ வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் வாடகை அதிகார அலுவலகத்துல பதிவாகணும், 11 மாசம்னு போட்டாலும் விலக்கு இல்லை.

18 வயசுக்குக் கீழே யாருக்கும் குத்தாதீங்க, அம்மா அப்பா கூட நின்னாலும் சரி. பள்ளிக்கூடம் தெருமுனையில இருக்கிறதால இது உங்களுக்கு இரண்டு மடங்கு முக்கியம். அடையாள அட்டை பார்த்துப் பிறந்த தேதி எழுதின ஒப்புதல் படிவத்துல கையெழுத்து வாங்கிக் கோப்புல வைங்க. குத்திக்கிட்டா 12 மாசம் ரத்த தானம் பண்ண முடியாதுன்னும் அதே படிவத்துல ஒரு வரி போடுங்க. முதல் புகார் வந்தா கேட்கப் போறது அந்தக் கோப்பைத்தான்.

—

வைகைக்கரை:

ஒரு கேள்வி. சித்திரைத் திருவிழாவுல தமுக்கம், ஆற்றங்கரைப் பக்கம் மெஷினோட உட்கார்ந்து குத்துறாங்களே, அதுக்கு எந்த மண்டல விதி? புதுசா கடை போடுறவரை மட்டும் இவ்வளவு கேட்கிறோமே.

—

கருமைக்கோடு:

நியாயமான கேள்வி. அது கட்டடம் இல்லை, அதனால மண்டல விதி ஒட்டாது. தெரு வியாபாரிகள் சட்டம் 2014, திருவிழாக் காலத்து மாநகராட்சி அனுமதி இந்தப் பக்கம் வரும். ஆனா சிக்கல் அனுமதியில இல்லை. ஒரே ஊசி, ஒரே மைக்கிண்ணம், நடுவுல ஒரு துணியில துடைப்பு. அப்படித்தான் ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி எல்லாம் ஒருத்தர்லேருந்து ஒருத்தருக்குப் போகும். கை கழுவத் தண்ணி இல்லாத இடத்துல யாரும் குத்தக் கூடாது, யாரும் குத்திக்கவும் கூடாது. ஊசிமுனை தம்பி, நீங்களும் வேலைக்கு வைக்கிறவங்களும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 0, 1, 6 மாசம்னு மூணு தவணை போட்டுருங்க. கடை திறக்கிற தேதிக்கு முன்னாடி இரண்டு தவணையாவது முடிஞ்சிருக்கட்டும்.

—

ஊசிமுனை:

பிளான் நகல் கிடைச்சிருச்சு. முன்பகுதி கார் நிறுத்துமிடம்னுதான் வரைஞ்சிருக்கு, முன்னாடி 5 அடி காலி. அந்த இடத்தை விட்டுட்டேன். பைபாஸ் காம்ப்ளக்ஸ் ஓனர்கிட்ட முதல் மாடி அனுமதி நகல் கேட்டிருக்கேன், கரண்ட் ஏற்கெனவே கமர்ஷியல்தான். 240 சதுர அடிதான், பின்னாடி 4 அடி கழுவுற இடத்துக்கு விட்டா மீதி போதுமா? போர்டு பத்தியும் யாராவது சொல்லுங்க.

—

அளவுச்சங்கிலி:

போதும். ஒரே நாற்காலி வைங்க, வரவேற்பை 6 அடியாக் குறைங்க. தொட்டித் தண்ணி பாதாளச் சாக்கடையில சேருதான்னு மாடியிலேருந்து குழாயைத் தொடர்ந்து கீழே வரைக்கும் பாருங்க. மழைநீர்க் குழாயில இணைச்சு வைச்சிருந்தா மைத்தண்ணி ரோட்டுல ஓடும், அன்னைக்கே புகார் போகும்.

போர்டு தமிழ்லதான் பெரிசா இருக்கணும். தமிழ், ஆங்கிலம், வேற மொழி 5க்கு 3க்கு 2 கணக்கு. 10 அடி போர்டுல தமிழுக்கு 5 அடி, ஆங்கிலத்துக்கு 3 அடி, மூணாவது மொழி போடலைன்னா அதையும் தமிழுக்கே கொடுத்துருங்க. ஆங்கில எழுத்தை மட்டும் பெரிசா வளைச்சுப் போட்டுட்டு ஓரத்துல தமிழை எறும்பு மாதிரி எழுதினா தொழிலாளர் துறை ஆய்வுல முதல்ல கண்ணுல படுறது அதுதான். சுவரைத் தாண்டி ரோட்டுப் பக்கம் நீட்டாதீங்க.